ஷரீஃப் இனி நாய் எடுப்பதில்லை

முஹம்மது ஷரீஃபைப் பற்றி இதற்கு முன் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். முதலில் எழுதியது ஒரு பக்கம். அதனால் அவருக்கு ஒரு கேடயமும் பதினேழு நாய்களும் கிடைத்தன. அடுத்து எழுதியது நான்கே வரி. அதனால் அவர் பெயர் கெட்டது. இப்போது எழுதுவதை அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

"அந்த இடமே இப்ப இல்லியே மக்கா. இனி எழுதினா என்ன?" என்றார்.

உண்மைதான். அவர் நாய்களை வைத்துப் பார்த்துவந்த எண்ணெய் ஆலையைப் போன வருடம் இடித்துவிட்டார்கள். இப்போது எங்கே வைத்துப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். இதில் எழுதமாட்டேன்.

ஷரீஃபுக்கு ஐம்பத்து மூன்று வயது. நாகர்கோவில் கோட்டாறில் ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் தைக்கிற கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் பதினொரு வருடம் சவூதியில், தம்மாமில் ஒரு சோபா கம்பெனியில் தைத்தார். முதுகு போனதும் ஊருக்கு வந்துவிட்டார். ஒரே மகள், ஜுஹைனா, கல்யாணமாகி துபாயில் இருக்கிறாள். மனைவி இர்ஷாதா. கடையில் ஒரு பழைய தையல் மிஷின், ரெக்சின் சுருள்கள், ஃபோம் துண்டுகள், எப்போதும் பசை வாடை.

அடிபட்ட நாய்க்கு மருந்து போட்டால் அது புண்ணை நக்கிக்கொண்டே இருக்கும். நக்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு கூம்பு மாட்டுவார்கள். கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கும். ஷரீஃப் மீந்த ரெக்சினில் அதைத் தைத்துவிடுவார். அதனால் கோட்டாறு நாய்கள் சில, சிவப்பும் கறுப்புமாக, ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங் வைத்து, ஆட்டோ சீட்டையே கழுத்தில் மாட்டிக்கொண்டதுபோலத் திரியும். வெளியூர்க்காரர்கள் நின்று பார்ப்பார்கள். உள்ளூரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் அப்போது நாகர்கோவிலில் ஒரு சேவைச் சங்கத்தின் அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். எங்கள் ஊரான கொட்டாரத்தில் அப்பா செங்கல் லோடு ஏற்றுகிறார். தமிழ் எம்.ஏ. படித்த பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் அழைப்பிதழ் எழுதுவேன், நன்றியுரை எழுதுவேன். அந்த வருடம் சங்கம், விலங்குகளுக்கு உதவி செய்கிற உள்ளூர் ஆட்கள் நான்கு பேரைக் கௌரவிப்பதாக முடிவு செய்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வாழ்க்கைக் குறிப்பு எழுதவேண்டும். மேடையில் வாசிப்பார்கள், விழா மலரில் அச்சடிப்பார்கள்.

"நல்லா உருக்கமா எழுதும்மா. வாசிக்கும்போது முன்வரிசை அழணும்," என்றார் செயலாளர்.

ஷரீஃபை முதலில் பார்த்தது ஒரு காலை ஏழு மணிக்கு. பூட்டிக் கிடந்த எண்ணெய் ஆலையின் பின்பக்கம் ஒரு தகர ஷெட். உள்ளே நான்கு நாய்கள். அவர் உட்கார்ந்து ஒரு செவலை நாயின் முதுகிலிருந்து புழுக்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தார். நாயின் வாயை ரெக்சின் பட்டையால் கட்டியிருந்தார். அது முனகிக்கொண்டு அவர் முட்டியில் தாடையை வைத்திருந்தது.

"மூக்கப் பொத்திக்கோ. நாத்தம் இருக்கும்," என்றார் என்னைப் பார்க்காமலே.

"பரவாயில்ல மாமா."

"பரவாயில்லைன்னு எல்லாரும் சொல்லுவாவ. பொறவு வெளியே போய் நிப்பாவ."

ஐந்து நிமிடத்தில் நான் வெளியே போய் நின்றேன்.

வேலை முடிந்ததும் அவர் செய்ததைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. ஷெட்டின் ஓரத்தில் ஒரு குழாய். பக்கத்தில் மூடி போட்ட பெயிண்ட் வாளி. அதில் சலித்த செம்மண். மண்ணை அள்ளித் தண்ணீரில் குழைத்துக் கைகளிலும் முழங்கைவரையும் பூசித் தேய்த்தார். கழுவினார். பிறகு வெறும் தண்ணீரில் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் உதடு அசைந்து எண்ணியது. பிறகு ஷெட்டுக்கென்று வைத்திருந்த சட்டையையும் பேன்டையும் தனி வாளியில் போட்டு அதற்கும் அதே கணக்கு. முதுகுவலிக்காரர், ஒவ்வொரு தடவையும் குனிந்து நிமிரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். விரல் இடுக்குகளில் தோல் வெடித்து வெள்ளையாக இருந்தது.

"தினமும் இப்படியா மாமா?"

"நாயோட எச்சில் பட்டா ஏழு தடவ. ஒண்ணு மண்ணு போட்டு. நாங்க ஷாஃபி மத்ஹபு, எங்க சட்டம் அப்படி. கழுவாம எப்படித் தொழ முடியும்?"

"ஒரு நாளைக்கு ஒருதடவை போதுமா?"

"எத்தன தடவ எச்சில் படுதோ அத்தன தடவ. இன்னைக்கு இது ரெண்டாவது. மத்தியானம் மருந்து குடுக்க வந்தா மூணு."

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "வாசி பாப்போம், என்ன எழுதின?" என்றார்.

"'மதக் கட்டுப்பாட்டையும் மீறி'ன்னு தொடங்கியிருக்கேன் மாமா."

அவர் முகம் சுண்டிவிட்டது. "மீறியா? யாரு மீறினா? நாயத் தொடாதேன்னா சொல்லியிருக்கு? தொட்டா கழுவுன்னு சொல்லியிருக்கு. நான் கழுவுறேன். மீறினவன் எதுக்கு மக்கா ஏழு தடவ குனிஞ்சு நிமிரணும்? வெட்டு அத."

வெட்டினேன். முன்வரிசையை அழவைக்கக்கூடிய வரி அது என்று உள்ளுக்குள் வருத்தமாகவும் இருந்தது.

அன்று அவர் வீட்டில் சாயா குடித்தேன். இர்ஷாதா மாமி நல்ல பேச்சுக்காரி. நாய்களுக்குச் சோறும் கோழிக்காலும் வேகவைத்துத் தருவது அவர்தான். அதற்கு வெளியே தனி அடுப்பு, தனிப் பானை. ஆனால் ஒரு நாள்கூட ஷெட்டுக்குள் கால் வைத்ததில்லை.

"கழுவிக் கழுவி மனுசன் தேஞ்சு போனாரு மோளே. கட்டினப்ப நல்ல தடியா இருந்தாரு," என்றார்.

"அப்ப நீ மட்டும் என்ன, கம்பு மாதிரியா இருந்த?" என்றார் ஷரீஃப்.

"ஏன், எழுதிக்கோ மோளே. 'இவருக்கு நாயின்னா உயிரு, பெண்டாட்டின்னா வாயி'ன்னு."

சிரித்து முடிந்தபிறகு ஷரீஃப் ஒரு காரியம் சொன்னார்.

"எங்கன வச்சுப் பாக்கேன்னு மட்டும் எழுதாத."

ஆலை யேசுரத்தினம் என்பவருடையது. நான்கு நாய்க்கு மேல் இருக்கக்கூடாது என்ற ஒரே பேச்சில் ஷெட்டைக் கொடுத்திருந்தார். வாடகை வாங்குவதில்லை. சுற்றிலும் வீடுகள். நான்கு நாய் குரைத்தால் அக்கம்பக்கம் பொறுத்துக்கொள்ளும், ஐந்தாவது வந்தால் பேச்சு வரும். அதனால் ஒன்று தேறி, பிடித்த தெருவிலேயே திரும்ப விட்டபிறகுதான் அடுத்ததை எடுப்பார். சில வருடங்களுக்கு முன் யாரோ ஷெட்டின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டுவிட, ஒரே வாரத்தில் மூன்று சாக்கு நிறையக் குட்டிகள் வந்தனவாம். யேசுரத்தினம் அப்போதே ஷெட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். இர்ஷாதா மாமி போய்ப் பேசித்தான் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த இடம் போனா தீந்துது. நம்ம வீட்டுல முடியாது. கடை வாடகைக் கடை. நாய் வச்சிக்கன்னு கோட்டாத்துல எவன் இடம் தருவான்?" என்றார் ஷரீஃப்.

சரி மாமா, எழுதமாட்டேன் என்று சொன்னேன். சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எப்படித் தொடங்கினார் என்பதையும் அன்று கேட்டேன். கடைக்கு எதிரே ஓடையில் பஸ் அடித்த ஒரு நாய் கிடந்திருக்கிறது. பின்னங்கால்கள் போய்விட்டன. தொழப் போகும்போதும் வரும்போதும் அது தலையைத் தூக்கிப் பார்க்கும். தொட்டால் கழுவவேண்டும், உடுப்பு மாற்றவேண்டும், ஜமாஅத்தோடு சேர்ந்து தொழுவது தவறிவிடும். யாராவது எடுப்பார்கள் என்று இரண்டு நாள் தாண்டிப் போயிருக்கிறார். மூன்றாவது நாள் இறங்கி எடுத்தார். அன்று சாயங்காலமே செத்துவிட்டது.

"முதல் நாளே எடுத்திருந்தா பிழைச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அத எழுது. ரெண்டு நாள் தாண்டிப் போனேன்னு எழுது."

எழுதினேன். செயலாளர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். கௌரவிக்கப்படுகிறவர் தாண்டிப் போகக்கூடாதாம்.

அடித்த இடம் காலியாக இருந்தது. அதை நிரப்ப ஒரு வாக்கியம் எழுதினேன்: "பூட்டிக் கிடக்கும் எண்ணெய் ஆலையின் பின்னால், சாய்ந்த அயனிமர நிழலில், ஒரு தகரக் கூரையின் கீழ் நான்கு உயிர்கள் அவர் காலடியோசைக்காகக் காத்திருக்கின்றன." தெருப் பெயர் இல்லை, ஊரில் எந்தப் பகுதி என்று இல்லை, போன் நம்பர் இல்லை. நான் வாக்கு தவறவில்லை என்றே நினைத்தேன். அந்த வாக்கியத்தை இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பார்த்தது வேறு விஷயம். படித்ததற்கு ஒரு பலன் இருக்கிறது என்று தோன்றியது.

விழா சவேரியார் கோயில் திருநாள் முடிந்த வாரம் நடந்தது. ஷரீஃப் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். இர்ஷாதா மாமி போனை உயர்த்திப் பிடித்து ஜுஹைனாவுக்கு எல்லாவற்றையும் காட்டினார். என் வாக்கியத்தை வாசித்தபோது முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். மறுநாள் அந்தப் பக்கம் ஊர் வாட்ஸப் குழுக்களிலெல்லாம் ஓடியது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஷரீஃபே எனக்குப் போன் செய்தார். குரலில் ஒரு கூச்சம்.

"பள்ளிவாசல்ல ஒருத்தர் உண்டு. எட்டு வருசமா என் பக்கத்துல தொழமாட்டாரு. கழுவிட்டுத்தான் வாறேன்னு தெரியும், இருந்தாலும் ஒரு ஆள் விட்டுத்தான் நிப்பாரு. இன்னைக்கு அவராவே வந்து தோளோட தோள் ஒட்டி நின்னாரு. தொழுகை முடிஞ்சு கையும் குடுத்தாரு." கொஞ்சம் நிறுத்தி, "உனக்கு நன்றி சொல்லலாம்னுதான் விளிச்சேன்," என்றார்.

முதல் சாக்கு திங்கட்கிழமை வந்தது.

ஆலைக் கதவில் அரிசிச் சாக்கு ஒன்று கட்டித் தொங்கியது. உள்ளே ஐந்து குட்டிகள், கண் திறந்து சில நாட்கள். புதன்கிழமை அட்டைப்பெட்டியில் நான்கு. வியாழக்கிழமை ஒரு கார் வந்து நின்று, கண்ணில் புரை விழுந்த ஒரு கிழட்டு பொமரேனியனை இறக்கிவிட்டுப் போனது. கூடவே அதன் கிண்ணம், போர்வை, ஒரு சீட்டு. 'பெயர் ஜிம்மி. சிக்கன் மட்டும்தான் சாப்பிடும். இடி சத்தத்துக்குப் பயம்.' கையெழுத்து அழகாக இருந்தது. பத்து நாளில் பதினேழு. ஏற்கனவே இருந்த நான்கோடு இருபத்தொன்று.

அந்த வியாழக்கிழமைதான் என்னைக் கூப்பிட்டார்.

"மோளே, இடத்த எழுதினியா?"

அவர் எப்போதும் மக்கா என்றுதான் சொல்வார். அன்று மோளே என்றது என்னை என்னவோ செய்தது.

"தெருப் பேரு எழுதல்ல மாமா."

"ஆலைன்னு எழுதினியா?"

மலரைப் புரட்டி அந்த வாக்கியத்தைத் தேடினேன்.

"கோட்டாத்துல பூட்டிக் கெடக்கிற எண்ணெய் ஆலை எத்தன உண்டு மோளே?"

ஒன்றுதான். கொட்டாரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற எனக்கே தெரியும். எங்கள் பக்கம் யாரும் தெருப் பெயர் சொல்லி வழி கேட்பதில்லை. ஆலை, அயனிமரம், சாயாக்கடை, கோயில் என்றுதான் கேட்பார்கள். முகவரியை மறைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் விளங்குகிற முகவரியைத்தான் எழுதியிருந்தேன்.

அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன். என்ன செய்யமுடியும் என்று தெரிந்து போகவில்லை. அதற்குள் குட்டிகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியிருந்தது. பார்வோ என்ற தொற்றுநோய் என்றார் டாக்டர். தடுப்பூசி போடாத குட்டிகள் ஒன்றாக இருந்தால் ஒன்று மிஞ்சுவதே பெரிது. இரத்தமாகப் போனது. ஷரீஃப் ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் தோலுக்கடியில் சலைன் ஏற்றுவார், நான் பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பேன். பாதி ஏற்றும்போதே மடியில் கனம் மாறுவது அவருக்குத் தெரிந்துவிடும். ஊசியை எடுத்துவிட்டு, "அடுத்தத எடு," என்பார்.

ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் முன் ஏழு தடவை கழுவினார். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். இர்ஷாதா மாமி வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுவந்து ஆலைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, "இந்தா இருக்கு," என்று சத்தம் கொடுத்துவிட்டுப் போவார். நான்காம் நாள் ஷரீஃபின் விரல் இடுக்குகளிலிருந்து இரத்தம் வந்தது. மண் பட்டதும் பல்லைக் கடித்தார்.

"கையுறை போடலாமே மாமா," என்றேன்.

"போட்டுப் பாத்தேன். ஊசி போடும்போ தோலு பிடி கிடைக்கல்ல."

அவ்வளவுதான் பேச்சு. என்னைத் திட்டுவார் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். திட்டினால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவருக்கு அதற்கும் தெம்பு இருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பதினைந்து குட்டிகளில் பதினொன்று செத்தன. அயனிமரத்துக்குப் பின்னால் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். மிஞ்சிய நான்கை வளர்க்க ஆள் தேடி நான் வாட்ஸப்பில் போஸ்டர் போட்டேன். நான்கும் போயின. இரண்டு, 'வீட்டில் சம்மதிக்கவில்லை' என்று திரும்பி வந்தன.

அடுத்த வாரக் கடைசியில் யேசுரத்தினம் வந்தார். அறுபது வயது, மெலிந்த ஆள், சர்க்கரை வியாதி. கோபக்காரர் என்று நினைத்திருந்தேன். வந்து கதவருகில் நின்று, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ஷரீஃபே, நாலுன்னுதானே நமக்குள்ள பேச்சு?"

"நாலுதான்."

"இப்ப எத்தன?"

"எட்டு."

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சையாம். அவ அப்பன் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கான். நாத்தம்னு மேலத்தெருவுல கையெழுத்து வாங்குதானுவ. குவைத்துல இருந்து மவன் விளிச்சு, எப்பாவுக்கு மண்டை கழண்டு போச்சான்னு கேக்கான். நான் என்ன செய்யட்டு, சொல்லு."

ஷரீஃப் சுவரைப் பிடித்து எழுந்தார். "ஒரு மாசம் தாரும். குறைச்சிருவேன்."

"நீ குறைப்பே. கொண்டு வாறவன் குறைப்பானா? ஊரு முழுக்க இப்ப இதுதான் நாய் போடுத இடம்." என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "ஒரு மாசம் பாப்பேன். அதுக்குள்ள இன்னும் ஒரு சாக்கு இந்தக் கதவுல தொங்கிச்சுன்னா பூட்டிருவேன். வெசனப்படாத. எனக்கும் வேற வழியில்ல."

அன்று மாலை ஷரீஃபின் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கேடயம் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே இருந்தது. மாமி அதற்கு ஒரு வலைத்துணி போட்டிருந்தார், தூசி படாமல். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். கதவில் அறிவிப்புப் பலகை வைக்கலாம். கேமரா வைக்கலாம். நாய்களைக் கொண்டுவந்து போடவேண்டாம் என்று உருக்கமாக ஒரு வேண்டுகோள் எழுதலாம்.

"உருக்கமா எழுதினதுதான் இப்ப வந்து நிக்குது," என்றார் மாமி. கடுமையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். பிறகு, "நிறுத்திட்டாருன்னு எழுதிப் போடு மோளே," என்றார்.

"எத நிறுத்திட்டாரு?"

"இந்த நாய்ச் சோலிய. முடியாம போச்சு, விட்டுட்டாரு, இனி எடுக்கமாட்டாரு, ஷெட்டையும் காலி பண்ணியாச்சுன்னு. இவரு இங்கன இல்லன்னு தெரிஞ்சா எவன் சாக்கு கட்டுவான்? கொண்டு போய்ப் போட்டா யாரோ பாத்துக்கிடுவான்னு நினைச்சுத்தானே போடுதான். பாக்க ஆளில்லன்னா போடமாட்டான்."

நான் ஷரீஃபைப் பார்த்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அப்படி எழுதினா ஊருல என்ன சொல்லுவாவ? விருது வாங்கி ஒரு மாசம்கூட ஆகல்லியே. பள்ளியில..."

"தெரியும்," என்றார்.

மாமி எழுந்து அடுக்களைக்குப் போனார். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. ஷரீஃப் கேடயத்தின் பக்கம் பார்த்தார். பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டி நின்ற ஆளை நினைத்தாரா, துபாயில் மகள் கணவனிடம் போனைக் காட்டியதை நினைத்தாரா, தெரியாது. நான் கேட்கவில்லை.

"எழுது," என்றார் கடைசியில். "நீளமா எழுதாண்டாம். அழகாவும் எழுதாண்டாம்."

ஊர் வாட்ஸப் குழுக்களில் போடுவதற்காக, அங்கேயே உட்கார்ந்து போனில் எழுதினேன்.

'கோட்டாறு முஹம்மது ஷரீஃப் உடல்நலக் குறைவால் நாய்களைப் பராமரிப்பதை நிறுத்திவிட்டார். அவர் இனி நாய் எடுப்பதில்லை. பயன்படுத்தி வந்த இடமும் காலி செய்யப்பட்டுவிட்டது. யாரும் அங்கே விலங்குகளைக் கொண்டு வர வேண்டாம்.'

வாசித்துக் காட்டினேன். ஒரு திருத்தமும் சொல்லவில்லை. முதல் தடவை 'மீறி' என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு கோபப்பட்டவர், முழுப் பொய்க்குத் தலையை ஆட்டினார். நான் அதை அனுப்பாமல் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய உண்மையால் குட்டிகள் செத்தன, இந்தப் பொய்யால் இடம் பிழைக்கும் என்றால் நான் படித்ததெல்லாம் எதற்கு என்று தோன்றியது. பிறகு, இது என் படிப்பைப் பற்றிய விஷயமில்லை என்றும் தோன்றியது. அனுப்பினேன்.

மறுநாள் செயலாளர் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? போன மாசம்தானே பொன்னாடை போட்டோம்? ஆள விசாரிக்காமயா எழுதிக் கொடுத்த?"

"உடம்பு முடியல்ல சார்."

"உடம்பு முடியாதவருக்கு எதுக்கு விருது? அடுத்த வருசம் நல்லா விசாரிச்சுட்டு எழுது."

அடுத்த வருடம் நான் அங்கே இருக்கவில்லை.

மாமி சொன்னது நடந்தது. அதற்குப் பிறகு அந்த மாதம் முழுவதும் கதவில் ஒரு சாக்கும் தொங்கவில்லை. திரும்பி வந்த குட்டிகளில் ஒன்றை மாமியின் தம்பி தேங்காய்ப்பட்டணத்துக்குக் கொண்டுபோனார், மற்றதைக் கொட்டாரத்தில் என் அம்மா திட்டிக்கொண்டே வைத்துக்கொண்டார். ஜிம்மி ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. மீதியில் தேறிய ஒன்று தெருவுக்குப் போனது. மாதக் கடைசியில் யேசுரத்தினம் வந்து எண்ணிப் பார்த்தபோது நான்கு இருந்தன. சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார், பார்த்தார், திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டார். பூட்டவில்லை.

பள்ளியில் அந்த ஆள் எங்கே நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை. மாமியாகவே ஒருநாள் சொன்னார், "இப்ப ரெண்டு ஆள் விட்டு நிக்காராம்." ஜுஹைனாவிடம் மட்டும் உள்ளதைச் சொல்லியிருந்தார்கள்.

அந்த விஷயத்தில் கடைசியாக நான் பார்த்தது ஒரு சாயாக்கடையில். மாசி மாதம், வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஷரீஃபைப் பார்க்கக் கடைக்குப் போயிருந்தேன். வா ஒரு சாயா குடிப்போம் என்று எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பெஞ்சில் நாலைந்து ஆட்டோக்காரர்கள். ஷாஜன் என்று ஒருவன், அவன் ஆட்டோவுக்கு ஷரீஃப்தான் இரண்டு முறை சீட் தைத்திருக்கிறார்.

"என்ன பாய், மெடலு வாங்குன கையோட நாய்க்கெல்லாம் டாட்டா காட்டியாச்சாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"மெடலு இல்ல மக்கா, கேடயம்," என்றார் ஷரீஃப்.

"எதுவானா என்ன? நாங்களும் நம்பினோம்லா. இனி அடிபட்டுக் கெடந்தா யாரக் கூப்பிட?"

எனக்குக் காது சூடானது. அவன் கேட்டதில் வெறும் கேலி மட்டும் இல்லை. ஏமாந்த ஒரு ஆளின் வருத்தமும் இருந்தது. அதனாலேயே இன்னும் சுட்டது. வாயைத் திறந்தேன். ஷரீஃப் என் பக்கம் திரும்பாமலே, "இந்தப் பிள்ளைக்கு ஒரு வடை குடு," என்றார் கடைக்காரரிடம். பிறகு ஷாஜனைப் பார்த்து, "முடியல்ல மக்கா. வயசாச்சு. கை ரெண்டும் வெடிச்சுப் போச்சு பாரு," என்று விரித்துக் காட்டினார்.

ஷாஜன் பார்த்தான். சிரிப்பு நின்றது. "மருந்து ஏதாவது போடும் பாய்," என்றான்.

ஷரீஃப் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். மருந்து கொடுக்கிற நேரம் அது, எனக்குத் தெரியும். ஆலைக்கு நேராகப் போனால் இரண்டு நிமிடம். சாயாக்கடையிலிருந்து பார்த்தால் அந்தப் பாதை முழுவதும் தெரியும். அவர் எதிர்த் திசையில் திரும்பி, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கோயில் தெரு வழியாகச் சுற்றிப் போனார். அந்த வழி கால் மணி நேரம் ஆகும். தினமும் அப்படித்தான் போகிறார் என்று மாமி பிறகு சொன்னார்.